மாதா படம் இருந்த இடம்

வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படத்தை ஆசீர்வாதம் சவர பிளேடால் சுரண்டி எடுத்தார். ஏழு வருஷப் படம். முகம் சீக்கிரம் வந்துவிட்டது. நீலச் சேலை துண்டு துண்டாக வந்தது. பசை மட்டும் விடவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், மணலால் தேய்த்துப் பார்த்தார். சதுரமாக ஒரு தடம் நின்றது. சங்கராபுரத்தில் வாங்கி வந்த முருகன் படத்தை அதன்மேல் ஒட்டினார். முருகன் சின்னவராகப் போய்விட்டார். அவரைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்துக்கு மாதா இருந்த இடம் தெரிந்தது.

"தெரியுதா?" என்று மகளைக் கேட்டார்.

அமுதா குனிந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"தெரியுதுன்றியா, தெரியலன்றியா? வாயத் தொறந்து சொன்னா முத்தா கொட்டிடும்?"

"தெரியுது" என்றாள்.

1988 மே மாதம் அது. அமுதாவுக்குப் பதினேழு வயது. பிளஸ் டூவில் பள்ளியிலேயே இரண்டாவது மார்க். அவளுக்கு வேண்டியது மருந்தாளுநர் படிப்பு. அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தால் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் கம்பிச் சன்னலுக்குப் பின்னால் நின்று சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்கலாம். அதை அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அம்மாவிடம். "அந்த வேலைக்கிப் பேச்சு ஜாஸ்தி வேணாம்மா."

பேச்சு என்றால் அவளுக்கு அப்படி. சின்னப் பிள்ளையிலேயே கடைக்கு அனுப்பினால் சாமான் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் நீட்டிவிட்டு நிற்பாள். விருந்தாளி வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவாள். எட்டு வருஷம் கழித்துப் பிறந்த தங்கை செவ்வந்திதான் அக்காவுக்கும் சேர்த்துப் பேசுவாள். "நம்ம ஊமச்சி" என்று தெருவில் சொன்னார்கள். ஆசீர்வாதத்துக்கு அதில் கோபமும் உண்டு, உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் உண்டு. பேசாத பெண்ணால் வம்பு வராது என்பது அவர் கணக்கு.

மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் காலனி. தெருமுனையில் மாதா கோயில். அங்கே எல்லோருக்கும் இரண்டு பெயர். கோயில் புத்தகத்தில் ஒன்று, சர்க்கார் காகிதத்தில் ஒன்று. கோயிலில் ஆசீர்வாதமாக இருப்பவர் ரேஷன் கார்டில் அய்யனார். அமுதாவுக்குக் கோயில் பெயர் உபகாரமேரி. அவர் மனைவி பெரியநாயகிக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை. கோணாங்குப்பத்து மாதாவுக்கும் அதுதான் பெயர், ஊர் அம்மனுக்கும் அதுதான் பெயர். இப்படி இரண்டாக இருந்ததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்தவன் என்று எழுதினால் ஆதி திராவிடருக்கு உள்ள சலுகை போய்விடும். தெரு மாறாது, தெருவுக்குள் வருகிறவர்களின் பார்வை மாறாது, சலுகை மட்டும் போகும். பழைய மணியக்காரர் காலத்தில் இதை யாரும் கிளறியதில்லை.

போன செப்டம்பரோடு அந்தக் காலம் முடிந்தது. தனி இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் ஒரு வாரம் தென்னாற்காடே நின்றுபோயிற்று. சாலை ஓரத்துப் புளியமரங்கள் வெட்டப்பட்டுக் குறுக்கே கிடந்தன. மரங்களை அகற்றினார்கள். அடிக்கட்டைகள் அப்படியே நின்றன. அதற்குப் பிறகு சாதி என்று எழுதிய எந்தக் காகிதத்தையும் தாலுகா ஆபீஸில் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். கல்லூரிக்கு வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ., நேரில் விசாரித்து எழுதிக் கொடுத்தால்தான் புதுச் சாதிச் சான்றிதழ் என்றார்கள்.

ஆர்.ஐ. தெய்வசிகாமணி கெட்ட மனிதர் இல்லை. "ஒரு நாள் வூட்டுக்கு வந்து பாத்துட்டு எழுதிடறேம்பா" என்றுதான் சொன்னார். ஆசீர்வாதம் வீட்டை நினைத்துப் பார்த்தார். வீட்டில் நடுச்சுவரில் இருதய ஆண்டவர் படம், கீழே சின்ன விளக்கு, கதவுக்கு மேலே போன குருத்து ஞாயிற்றில் செருகிய ஓலை. அதையெல்லாம் எடுத்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரன் வாயை என்ன செய்வது? மணியடிக்கிற கோயிலை எங்கே ஒளிப்பது?

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஆர்.ஐ. ஒருமுறை பேச்சுவாக்கில், "இத்தினி வருசமா கள்ளக்குறிச்சியில கெடக்கறேன், பசங்க கல்வராயன் மலைய எட்டிப் பாத்ததில்லப்பா" என்று சொல்லியிருந்தார்.

"சார், லீவுதானே. ஒரு நாளு வேன் கொண்டாரேன். எங்க வூட்லயும் மூணு உருப்படிங்க வரும். எங்களயும் பாத்த மாதிரி ஆச்சு, மலையையும் பாத்த மாதிரி ஆச்சு."

ஆர்.ஐ. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். வேன், ஆசீர்வாதம் டிரைவர் வேலை பார்த்த அரிசி மில்காரருடையது. அவர், டீசல் உன் பாடு என்று சாவியைக் கொடுத்தார். ஆசீர்வாதம் அன்று வீட்டுக்கு வந்தபோது தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு வந்தார்.

முந்தின நாள் மாலை வீட்டில் பரீட்சை நடந்தது.

"யாராச்சும் கேட்டா நம்ப சாமி எது?"

"மாரியாத்தா" என்றாள் செவ்வந்தி.

"பயந்தா இன்னா சொல்லுவ?"

"மாரியாத்தா."

"தும்முனா?"

"தும்முனாகூடவாப்பா?"

பெரியநாயகி முறத்தைக் கீழே வைத்தாள். "ஏன்யா, ஒரு சீட்டுக்காவ பச்சப்புள்ளய இப்பிடிப் பழக்கற. நாளைக்கிப் பாவசங்கீர்த்தனத்துல சாமியாருகிட்ட நான் இன்னான்னு சொல்ல?"

"டூர் போனேன்னு சொல்லு. அதுல இன்னா பாவம்? உன் வாய நெனச்சாத்தான் எனக்குப் பயம். எதுக்கெடுத்தாலும் சேசுவேம்ப, மாதாவேம்ப. நாளைக்கி ஒரு நாளைக்கி அந்த வாயத் தெச்சிக்கோ."

அமுதாவிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று இருந்தார். அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விடியும் முன்பே கிளம்பினார்கள். ஆசீர்வாதம் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். பெரியநாயகி கழுத்து ஜெபமாலையைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டிருந்தாள். கள்ளக்குறிச்சியில் ஆர்.ஐ. வீட்டு வாசலில் ஆர்.ஐ.யும் அவர் மனைவி அமிர்தமும் இரண்டு பையன்களும் தயாராக நின்றார்கள். அந்தம்மா கையில் நான்கடுக்குக் கேரியர், தனித் தண்ணீர்க் கூஜா. ஆர்.ஐ. முன்சீட்டில், ஆசீர்வாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆசீர்வாதத்துக்கு நேர் பின்னால் அமுதா. மற்றவர்கள் அதற்கும் பின்னால்.

"இன்னாப்பா அய்யனாரு, முருகன் புச்சா இருக்காரு?"

"போன மாசம் மயிலத்துல வாங்கனது சார்."

வண்டியை எடுத்தார். கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைக்கரையில் வெயில் ஏறியது. அணையில் தண்ணீர் கால் பங்குகூட இல்லை. பையன்கள் இறங்க வேண்டும் என்றார்கள், இறங்கிப் பார்த்தார்கள், ஏறினார்கள். வண்டியை எடுத்தார். மலை தொடங்கும் இடத்தில் சாலையோரம் முனீஸ்வரன் கல். மலையேறும் டிரைவர்கள் சூடம் காட்டிவிட்டுப் போகும் இடம். ஆர்.ஐ. ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததே ஒரு பரீட்சை என்று ஆசீர்வாதம் புரிந்துகொண்டு தானே நிறுத்தினார். மடியில் தயாராக வைத்திருந்த சூடத்தை ஏற்றினார். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினார். ஒரு பிசகு இல்லை. ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். பழம் நசுங்கியது.

அதன்பிறகு ஆர்.ஐ. பேச்சு குறைந்தது. வளைவுகளுக்குப் பயப்படுகிறார் போல என்று ஆசீர்வாதம் நினைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டினார். ஒற்றைத் தார் ரோடு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பின்னால் பெரியநாயகி, தைத்த வாய் தைத்தபடி, அமிர்தம் சொல்வதற்கெல்லாம் "ஆமாங்கம்மா" போட்டுக்கொண்டு வந்தாள்.

வெள்ளிமலையில் டீக்கடை முன்னால் நிறுத்தினார். எல்லோரும் இறங்கிப் பலாப்பழக் குவியலைப் பார்க்கப் போனார்கள். அமுதா மட்டும் போகவில்லை. டிரைவர் கதவருகே வந்து நின்று அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னா?"

"அப்பா... நீ வண்டி எடுக்கறப்ப..."

அதற்குள் அமிர்தம் கூஜாவை எடுக்கத் திரும்பி வந்தாள். அமுதா வாயை மூடிக்கொண்டாள். அந்தம்மா போகக் காத்திருந்து மறுபடியும் கையைப் பிடித்தாள்.

"அப்பா, கையி..."

"மலையேறனா தலை சுத்தும், வாந்தி வரும், பெரிசா ஒண்ணுமில்ல. சும்மா கெட. இத்தினி வருசம் பேசாதவ இன்னிக்கித்தான் பேசணுமா?" என்று கையை உதறினார். ஆர்.ஐ. பார்த்துவிடுவாரோ என்று அவருக்குப் பதைப்பு.

அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவர் வண்டியை எடுத்தார்.

பெரியார் அருவியில் மே மாதத்துத் தண்ணீர் பாறையில் கோடு போட்ட மாதிரி இறங்கியது. ஆர்.ஐ. பையன்கள் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். செவ்வந்திதான் அதிலேயும் குதித்து ஆடினாள். மதியம் மரத்தடியில் சாப்பாடு. பெரியநாயகி விடியக்காலை எழுந்து கட்டிய புளிசாதமும் முட்டையும் ஒரு தூக்கு நிறைய இருந்தது. "அம்மா, ஒரு வாயி..." என்று எடுத்துக்கொண்டு போனாள். அமிர்தம் சிரித்தபடி, "வேணாம்மா, எங்களுக்கு வயித்துக்கு ஒத்துக்காது" என்றாள். தன் ஜமக்காளத்தை நாலடி தள்ளி விரித்தாள். செவ்வந்தி தண்ணீர் கேட்டபோது கூஜாவைத் தூக்கி உயரத்திலிருந்து கையில் ஊற்றினாள். இவர்கள் கும்பிடுவது எந்தச் சாமி என்பதில் அந்தம்மாவுக்குச் சந்தேகம் இருந்திருக்கலாம். எந்தத் தெரு என்பதில் இல்லை.

ஆசீர்வாதம் இலையில் கை வைக்கப் போனவர் தற்செயலாக நிமிர்ந்தார். அமுதா இலைக்கு முன்னால் கண்ணை மூடியிருந்தாள். ஒரு மூச்சு நேரம். உதடு அசைந்த மாதிரியும் இருந்தது. உடனே கண்ணைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஆசீர்வாதம் கையை இலையிலிருந்து எடுத்தார். ஜமக்காளத்துப் பக்கம் பார்த்தார். ஆர்.ஐ. குனிந்து தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் அமுதா சன்னலோடு முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது ஆர்.ஐ., "புதன்கெழம வாப்பா" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

புதன்கிழமை அவர் ஆபீஸ் வாசலுக்கு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று பேசினார்.

"என்னால முடியாதுப்பா. பாக்காம இருந்திருந்தா எழுதியிருப்பேன். வண்டியில வர்றப்ப சிலுவ போட்டத என் கண்ணால பாத்தேன். அதுவும் ஒரு தடவ இல்ல. நாளைக்கி எவனாச்சும் மொட்டக் கடுதாசி போட்டா என் வேல போய்டும். இப்ப நேரம் அப்பிடி. கிறிஸ்தவம்னு எழுதறேன், பி.சி.ல வரும், வாங்கிக்க."

"யாரு சார்?" என்று ஆசீர்வாதம் கேட்கவில்லை. தெரியும் என்று நினைத்தார். இலைக்கு முன்னால் மூடிய கண் அவர் கண்ணிலேயே நின்றது. சங்கடப்பட்டு நின்ற ஆர்.ஐ.யும் யாரென்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தார். அமுதா கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு வாய்தான் இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன். மூளையும் இல்ல. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கைய வெச்சிக்கினு சும்மா இருக்க முடியல? உன் சீட்ட நீயே கிழிச்சிப் போட்டுக்கின. இனிமே நீயாச்சு, உன் சேசுவாச்சு."

அவள் எழுந்து நின்றாள். கையெல்லாம் சாம்பல். வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவர் கையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, பாதியில் விட்ட பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தாள்.

சீட்டு கிடைக்கவில்லை. பி.சி. பட்டியலில் அவள் மார்க் எங்கோ கீழே கிடந்தது. அடுத்த வருஷம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று புதுப் பிரிவு வந்தது. கேட்டவர்களுக்கு ஏதோ கிடைத்தது. அதிலும் இவர்கள் இல்லை. அதற்கடுத்த வருஷம் பங்குச்சாமியார், தலித் கிறிஸ்தவர்களுக்கும் சலுகை வேண்டும் என்று ஊர்வலம் கூட்டினார். அதுவரை அந்தப் பக்கமே போகாத ஆசீர்வாதம்தான் வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு போனார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? கொடியைப் பிடித்துக்கொண்டு கோஷம் போட்டுவிட்டுச் சாயந்திரம் திரும்பினார். அமுதா சோறு போட்டாள். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

அமுதா கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சுவரில் யாரோ ஒருவருடைய சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்கியது. அதற்குக் கீழே நின்று பன்னிரண்டு வருஷம் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் கையெழுத்து எதுவானாலும் படித்துவிடுவாள். கருணாபுரத்துக் கூலிக்காரப் பெண்கள் அவளைத் தேடி வருவார்கள். உறையின்மேல் சூரியனும் நிலாவும் வரைந்து எப்போது போட வேண்டும் என்று காட்டுவாள். பேச வேண்டாம் அல்லவா. இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். வந்தவர்கள் முன்னால் அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பாவும் மகளும் "சாப்புட்டியா", "சாவி எங்க", "அம்மா கூப்புடுது" என்ற அளவில் இருந்தார்கள். 2001 மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை வந்து பதினெட்டு நாளில் போய்விட்டாள். முப்பது வயது. கடைசி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஆசீர்வாதம் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அப்போதும், அன்றைக்குக் கொஞ்சம் சும்மா இருந்திருந்தால் இவள் வாழ்க்கை வேறாக இருந்திருக்குமே என்றுதான் மனசு ஓடியது. கோபம்கூட மிச்சம் இருந்தது. அவள் கண்ணைத் திறந்தபோது, "தண்ணி வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பெரியநாயகி இரண்டு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள். வேனை மில்காரர் விற்றுவிட்டார். ஆசீர்வாதம் பழைய மொபெட் ஒன்றை வைத்துக்கொண்டு செவ்வந்தி வீட்டோடு இருந்தார்.

அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை. செவ்வந்தியின் மகள் இலக்கியா, மூன்று வயது, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் எவர்சில்வர் தட்டு, அதுதான் ஸ்டியரிங். ஆசீர்வாதம் கட்டிலில் படுத்து வேடிக்கை பார்த்தார். குழந்தை சாவியைத் திருப்புகிற மாதிரி கையைத் திருகினாள். "டுர்ர்ர்" என்றாள். அதே கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள், நெஞ்சுக்கு, ஒரு தோளுக்கு, மறு தோளுக்கு. விரலை உதட்டில் வைத்து முத்தம் கொடுத்துவிட்டுத் தட்டைப் பிடித்தாள்.

ஆசீர்வாதம் சிரித்தார். "ஏய், டிரைவரம்மா, வண்டி எடுக்கறதுக்குள்ள ஜெபமா? யாரு சொல்லிக் குடுத்தது?"

"நீதான் தாத்தா."

"நான் எங்கடி சொன்னேன்?"

"நீ வண்டி எடுக்கறப்ப இப்பிடிப் பண்ணுவியே" என்று குழந்தை மறுபடியும் செய்து காட்டினாள்.

"நான் எப்ப பண்ணேன்? புளுவுது பாரு" என்று சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார்.

செவ்வந்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னாப்பா புச்சா கேக்கற. எப்பவும் பண்றதுதானே."

"எப்பவும்னா?"

"எப்பவும்னா எப்பவும்தான்."

பதினெட்டு வயசில் கரும்பு லாரியில் கிளீனராக ஏறினார். டிரைவர் வண்டி எடுக்கும் ஒவ்வொரு முறையும் சிலுவை போடுவதைப் பார்த்துப் பார்த்து அந்தக் கை பழகியது. பழகிய நாளிலிருந்து அவர் அதைப் பார்த்ததே இல்லை. கிளச்சை மிதிக்கிற காலை யார் பார்க்கிறார்கள்?

கட்டிலை விட்டு எழுந்து சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"மலைக்கிப் போனமே. ஆர்.ஐ. கூட. அன்னிக்குமா?"

செவ்வந்தியின் கை நின்றது. அரிவாள்மணையை விட்டு எழவில்லை, நிமிரவும் இல்லை.

"அன்னிக்கி ஆறு தடவ. அக்கா எண்ணிச்சி. அந்த ஆளு ஒன் பக்கத்துலயே குந்திக்கினு பாத்துக்கினு வந்தானாம்."

"அவளுக்குத் தெரியுமா?"

"வெள்ளிமலையில உங்கிட்ட சொல்ல வந்துச்சே. ரெண்டு தடவ வந்துச்சி. நீதான் சும்மா கெடன்ன."

"அப்பறம் சொல்றதுக்கு இன்னா? வூட்ல... இத்தினி வருசம் இருந்துச்சே. சொல்லியிருக்கலாமே."

"நான் பெரிய மனுசியானப்பறம் எங்கிட்ட சொல்லிச்சி. அப்பாகிட்ட சொல்லவான்னு கேட்டேன். வேணாம்னிச்சி. கெணத்தடியில நீ பேசனதுக்கப்பறம், சொன்னா இன்னா சொல்லாட்டி இன்னான்னு வுட்டுடுச்சி." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள், வெங்காயம் கையில்தான் இருந்தது. "நீ கேட்டிருக்கலாம். யாருன்னு ஒரு வார்த்த அந்த ஆளயே கேட்டிருக்கலாம்."

வீட்டை ஆர்.ஐ. கண்ணிலிருந்து மறைக்க அவர் வண்டியைக் காட்டினார். சுவரில் இருந்த படத்துக்குப் பயந்தார், மனைவியின் வாய்க்குப் பயந்தார், குழந்தையின் தும்மலுக்குப் பயந்தார். படத்தை பிளேடால் சுரண்டியதும் அந்தக் கைதான்.

வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் மொபெட் நின்றது. எங்கே போகிறோம் என்று நினைக்கவில்லை. ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தார். இரண்டாவது மிதியில் இஞ்சின் பிடித்தது. பிடித்ததும் வலது கை தானாக எழுந்தது. நெற்றியைத் தொடப் போனது. இந்த முறை அவர் பார்த்தார். கிழட்டுக் கை, நகத்தடியில் கிரீஸ் கறுப்பு, விரல்கள் மூன்றும் பழகினபடி சேர்ந்து குவிந்திருந்தன. அதை இடது கையால் எட்டிப் பிடித்துக் கீழே இழுத்தார், தொடையோடு வைத்து அழுத்தினார்.

பிடிக்க ஆள் இல்லாமல் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோயிற்று.

"தாத்தா, வண்டி எடுக்கலயா?" என்று வாசலிலிருந்து குழந்தை கேட்டாள்.

அவர் கையை விடவில்லை.